இடக்கர் அடக்கல்

முதலாமாண்டு வகுப்பில் நன்னூல் நடத்தும்போது தகுதி வழக்கு வரும். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று அது மூன்று. சபையில் சொல்லக் கூசும் சொல்லை மறைத்து வேறொரு சொல்லால் சொல்வது இடக்கரடக்கல். பாடநூல்களில் பெரும்பாலும் ஒரே எடுத்துக்காட்டுதான்: ‘கால் கழுவி வந்தான்.’ மலம் கழித்துவிட்டு வந்தான் என்பது பொருள். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ‘சொல்லிலும் ஒரு நாகரிகம் வேண்டும்’ என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவிட்டு அடுத்த நூற்பாவுக்குப் போவேன். பதினாறு ஆண்டுகளாக இப்படித்தான் நடத்தி வந்தேன்.

அந்த இலக்கணத்தை ஒருநாள் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றுகொண்டு நான் பயன்படுத்தினேன். அதனால் ஒரு பெண்ணுக்குக் கிடைக்க வேண்டிய வைத்தியம் கிடைக்காமல் போயிற்று. அவளுக்கு நான் பட்ட கடன்தான் இந்தக் கட்டுரை.

கெலமங்கலத்தில் நான் குடியிருக்கும் தெருவின் கடைசியில் ஒரு லைன் வீடு இருக்கிறது. பத்து அறைகள், பத்துக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ். ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் நான்காவது அறையில் இருந்தது. கணவனுக்குக் கிரானைட் பட்டறையில் வேலை. அவளுக்கு ரோஜாக் கூடாரத்தில் வேலை. முப்பது வயதைத் தாண்டியவள். மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் ஊரில் மாமியாரிடம், கடைக்குட்டி இவளோடு. எனக்கு உடைந்த இந்தி வரும். சின்ன வயதில் அப்பா டியூஷனுக்கு அனுப்பி ராஷ்ட்ரபாஷா வரை தேர்வு எழுத வைத்திருந்தார். இந்தித் திணிப்பை எதிர்த்து மேடையில் பேசியிருக்கிறேன், இனியும் பேசுவேன். தெருவில் ஒருத்தி வழி கேட்டால் தெரிந்த மொழியில் சொல்வதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் என்னைத் தீதி என்று கூப்பிடுவாள்.

ஒரு மார்கழி மாலையில் வாசலில் வந்து நின்று சொன்னாள்: “தீதி, பேஷாப் ருக்தா நஹீன்.” சிறுநீர் நிற்பதில்லை. அவ்வளவுதான், சுற்றி வளைக்கவில்லை. பூக்கூடையைத் தூக்கினால் கசிகிறது. இருமினால் கசிகிறது. குளிர்காலத்தில் காலை வேலைக்குள் பாவாடை நனைந்துவிடுகிறது. நனையக் கூடாது என்று விடிந்ததிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். இப்போது எரிச்சலும் சேர்ந்திருக்கிறது. புருஷன் நாற்றம் என்று சொல்லிச் சுவரோரம் திரும்பிப் படுத்துக்கொள்கிறான். “நீங்கள் கூட வந்தால் டாக்டரிடம் சொல்லலாம்” என்றாள்.

போனோம். டாக்டர் சின்னப் பையன், களைத்திருந்தார். கதவு திறந்தே கிடந்தது. எங்களுக்குப் பின்னால் முப்பது பேர். அவர்களில் என்னிடம் படித்த ஒரு மாணவியின் அப்பா இருந்தார், எதிர்வீட்டுக்காரர் இருந்தார். “என்னம்மா பிரச்சினை?” என்றார் டாக்டர். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

“அடிவயித்துல கொஞ்சம் தொந்தரவு டாக்டர். லேடீஸ் ப்ராப்ளம்.”

அவர் தலை நிமிராமல் வெள்ளைப்படுதலுக்கு மாத்திரையும் சத்து மாத்திரையும் எழுதினார். வெளியே வந்ததும் அவள் கேட்டாள்: “எல்லாம் சொன்னீர்களா?” சொன்னேன் என்று பொய் சொன்னேன்.

அன்று இரவு அந்த டாக்டர் மேல் ஆத்திரப்பட்டேன். மறுநாள்தான் புரிந்தது, அவரிடம் நான் எதையுமே சொல்லவில்லை. அவள் மூன்றே சொல்லில் சொன்னதை நான் நாகரிகமாக மறைத்துக் காணாமல் ஆக்கிவிட்டேன். இதில் என்னால் மன்னிக்க முடியாதது வேறொன்று. அவளுக்கு என்ன என்று எனக்குத் தெரியும். அதே தொல்லை எனக்கும் இருந்தது.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, முப்பத்து நான்கு வயதில் எனக்கு ஆரம்பித்தது. வகுப்பில் சத்தமாகச் சிரித்தால் கசியும். தும்மல் வந்தால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொள்வேன். வெளிர் நிறச் சேலைகளைப் பீரோவின் அடித்தட்டுக்கு அனுப்பினேன். கவியரங்குக்குக் கூப்பிட்டால், போகிற வழியில் எங்கே கழிப்பறை என்று முதலில் கணக்குப் போட்டேன். மூன்று ஆண்டுகள் யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. கடைசியில் பெங்களூருவில் ஒரு பெண் இயன்முறை மருத்துவரிடம் போனேன். அவர் சொல்லிக்கொடுத்த பயிற்சியை நான்கு மாதம் செய்தேன். பெருமளவு சரியாகிவிட்டது. எனக்குச் சம்பளம் இருந்தது, விடுப்பு இருந்தது, பெண் மருத்துவரைத் தேடிப் போக பஸ் காசு இருந்தது, அவரிடம் பேச மொழி இருந்தது. இவ்வளவும் இருந்த எனக்கே மூன்று ஆண்டு பிடித்தது. எதுவும் இல்லாதவள் ஒரே மாலையில் வாய் திறந்தாள். அவள் வாயை நான் அடைத்தேன்.

இதை என் சொந்தக் குற்ற உணர்ச்சியாக மட்டும் எழுதி முடித்தால் அதுவும் ஒரு மறைப்பாகிவிடும். என் வாயில் வந்த ‘லேடீஸ் ப்ராப்ளம்’ என் கண்டுபிடிப்பு அல்ல. ஊரே அதைத்தான் பேசுகிறது. ஆலையும் ஆஸ்பத்திரியும் சட்டமும் அதை நம்பித்தான் நடக்கின்றன.

எங்கள் ஊரைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கெலமங்கலம் தேன்கனிக்கோட்டை வட்டத்தில் ஒரு பேரூராட்சி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே டீக்கடையில் கேட்கும் எல்லைப்புறம். ஓசூரின் ஆலைகள் வளர வளர அதன் ஓரங்கள் எங்கள் பக்கம் நீண்டுவிட்டன. ஷிப்ட் பஸ்கள் விடியலுக்கு முன்னால் பெண்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. இன்னொரு பக்கம் ரோஜாவும் குடைமிளகாயும் வளரும் பிளாஸ்டிக் கூடாரங்கள். இரண்டு இடத்திலும் இப்போது ஒடியாவும் இந்தியும் சந்தாலியும் அசாமியும் கேட்கின்றன.

நம் இலக்கியத்தில் புலம்பெயர்ந்த பெண் என்றால் டொராண்டோவிலோ பாரீசிலோ ஜன்னல் வழியே பனியைப் பார்ப்பவள். அவளைப் பற்றி நான் ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறேன். என் தெருக்கோடியில் இருப்பவளுக்கு மட்டும் அந்தச் சொல்லை நாம் கொடுப்பதில்லை. அவள் ‘வடக்கத்தி’. ‘அவங்களுக்குச் சுத்தம் கிடையாது, பக்கத்துல நின்னா நாத்தம்’ என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு வரும். பத்து அறைக்கு இரண்டு கக்கூஸ் கட்டி வாடகை வாங்குகிறவரின் சுத்தத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

சிறுநீரை அடக்க முடியாமல் போவது எதனால் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். இடுப்பெலும்பின் அடிப்பகுதியில் முன்னிருந்து பின்னாகத் தூளி கட்டியதுபோல ஒரு தசைப் படலம் இருக்கிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் அதுதான் தாங்குகிறது. பிரசவத்தில் அந்தத் தூளி இழுபட்டுத் தளர்கிறது. தளர்ந்த தசை இறுகுவதற்குள் பாரம் தூக்கினால், நாள்பட்ட இருமல் இருந்தால், மலச்சிக்கலில் முக்கினால், மேலும் தளர்கிறது. அப்போது இருமும்போதும் சிரிக்கும்போதும் கசியும். இது ஒரு வகை. அவசரம் வந்த நொடியிலேயே, கக்கூஸ் கதவைத் தொடுவதற்குள் போய்விடுவது இன்னொரு வகை. அது சிறுநீர்ப்பை தேவையில்லாமல் சுருங்குவதால் வருவது. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். சர்க்கரை நோய், உடல் எடை, மாதவிடாய் நிற்கும் வயது எல்லாம் இதைக் கூட்டும். தண்ணீரைக் குறைத்தால் தொல்லை குறையும் என்று எல்லாரும் நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. சிறுநீர் கெட்டியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், அவசரம் கூடும், தொற்றும் வரும்.

இப்போது அவள் வேலைநாளை இதன்மேல் வைத்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற இரண்டாம் மாதத்தில் கூடை தூக்கப் போனவள். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே வெக்கை, வெளியே ஓசூர்க் குளிர். கூடாரத்தைச் சுற்றிக் கழிப்பறை கிடையாது. வேலியோரம் ஒதுங்கினால் மேஸ்திரி பார்ப்பான். அவளுடைய பக்கத்து அறைப் பெண் ஓர் ஆலையில் வேலை செய்தாள். அவளுடைய வரிசைக்கு இரண்டு டோக்கன். டோக்கன் கையில் இருப்பவர்தான் எழுந்து போகலாம். டோக்கன் திரும்பி வரும்வரை அடக்கிக்கொள்ள வேண்டும். “பள்ளிக்கூடத்தில்கூடக் கையைத் தூக்கினால் விடுவார்கள், தீதி” என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். இவர்களுக்கு வரும் கசிவை விதி என்றும் வயது என்றும் சொல்லித் தள்ளிவிட முடியாது. அதில் பாதியை வேலை செய்கிற இடம் உண்டாக்குகிறது, மீதியை வேலை செய்கிற இடம் முற்றவிடுகிறது.

இதைப் பேச ஆரம்பித்த பிறகு எனக்கு நான்கு பதில்கள் திரும்பத் திரும்பக் கிடைத்திருக்கின்றன.

முதல் பதில், ‘பிள்ளை பெத்தா அப்படித்தான்.’ இதைச் சொல்வது பெரும்பாலும் பெண்கள். பல பேருக்கு வருவது என்பதாலேயே ஒரு நோய் இயல்பாகிவிடாது. சொத்தைப்பல்லும் பல பேருக்கு வருகிறது. அதற்குப் பல் டாக்டரிடம் போகிறோம். இந்தத் தசைகளுக்கான பயிற்சியை ஆர்னால்ட் கீகல் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1948இலேயே எழுதி வெளியிட்டார். இன்றைக்கும் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நெறிமுறை, இருமினால் கசியும் பெண்ணுக்கு முதல் சிகிச்சையாகக் குறைந்தது மூன்று மாதம் மேற்பார்வையோடு இந்தப் பயிற்சியைத்தான் சொல்கிறது. கத்தியும் இல்லை, மாத்திரையும் இல்லை. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரிந்த ஒரு வைத்தியம் கெலமங்கலத்து லைன் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்றால் அதற்கு வறுமை மட்டும் காரணமாக இருக்க முடியாது.

இரண்டாவது, ‘அவங்க கூச்சப்படுவாங்க, சொல்ல மாட்டாங்க.’ சொன்னாளே. கூசியது நான். மொழி தெரியாத ஊரில் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் ஒன்று புருஷன் கூட வருகிறான், அல்லது கான்டிராக்டரின் ஆள் வருகிறான், அல்லது பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்றுக்கொண்ட எட்டு வயது மகன் வருகிறான். அம்மாவின் பாவாடை நனைவதை மகன் டாக்டருக்கு மொழிபெயர்க்க வேண்டும். அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வதற்குக் கூச்சம் என்று பெயரா? நெதர்லாந்தில் குடியேறிய மொராக்கோ, துருக்கிப் பெண்களிடம் இதே தொல்லையைப் பற்றிக் கேட்டறிந்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது. தொழுகைக்கு முன் திரும்பத் திரும்பக் கழுவ வேண்டியிருக்கிறது, பெண் மருத்துவர் வேண்டும் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். கேட்கிற விதத்தில் கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னார்கள்.

மூன்றாவது, ‘ரெண்டு மாசத்துல வேற ஊருக்குப் போயிடுவாங்க, தொடர் சிகிச்சை எப்படிக் கொடுப்பது?’ அப்படியானால் இந்தச் சிகிச்சையைப் போல அவர்களுக்குப் பொருந்துவது வேறில்லை. ஒருமுறை சரியாகக் கற்றுக்கொண்டால் ரயிலில் உட்கார்ந்துகூடச் செய்யலாம். எந்தப் பையிலும் வைத்துத் தூக்கிப்போக வேண்டியதில்லை.

நான்காவது, ‘உயிர் போற நோயா இது?’ உயிர் போகாது. வேலை போகும். தூக்கம் போகும். கட்டிலில் பக்கத்து இடம் போகும். ஊரில் சாவுக்கும் சடங்குக்கும் முப்பது மணி நேர ரயிலில் போகும் தைரியம் போகும். ஒரு பெண்ணிடமிருந்து இவ்வளவும் போன பிறகு உயிரை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பவர்களிடம் நான் என்ன பேசுவது.

சொல்லை மறைத்தால் சிகிச்சை வெறுமனே நின்றுபோவதில்லை. அந்த இடத்துக்கு வேறு ஏதாவது வந்துவிடுகிறது. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் புலம்பெயரும் பெண்களைப் பற்றி 2019இல் வெளிவந்ததை நினைத்துப் பாருங்கள். அரசு நடத்திய கணக்கெடுப்பில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் பதின்மூன்றாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. வெள்ளைப்படுகிறது, வயிறு வலிக்கிறது என்று போனவர்களும் உண்டு. மாதவிடாய் நாளில் வேலை நின்றால் கூலி போகும். கழிப்பறையும் தண்ணீரும் இல்லாத கரும்புக் காட்டில் தீட்டுத்துணி மாற்ற இடமில்லை. கழிப்பறை கட்ட வேண்டிய இடத்தில் கருப்பையை எடுத்தார்கள். கருப்பை எடுத்த பெண்களுக்குப் பின்னாளில் சிறுநீர்க் கசிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அதே 2019இல் தமிழ்நாட்டின் ஆயத்த ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயர் ஒட்டாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்கள் கொடுத்து வேலை வாங்கியதை தாம்சன் ராய்ட்டர்ஸ் பவுண்டேஷன் சுமார் நூறு பெண்களிடம் பேசி வெளிக்கொண்டுவந்தது. பெயரில்லாத வலிக்குப் பெயரில்லாத மாத்திரை. என்னுடைய ‘லேடீஸ் ப்ராப்ளம்’ இந்த வரிசையில்தான் நிற்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் கழிப்பறை வேண்டும், தொழிலாளி ஆலைக்குள் இருக்கும் எல்லா நேரத்திலும் அது அவருக்கு எட்ட வேண்டும் என்றது. எல்லா நேரத்திலும் என்ற சொல்லுக்குள் டோக்கனுக்கு இடமில்லை. 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளர் சட்டம், கான்டிராக்டர் தங்குமிடமும் இலவச மருத்துவ வசதியும் தர வேண்டும் என்றது. இவை இரண்டும் 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டத்துக்குள் அடைக்கப்பட்டுவிட்டன. எந்தத் தொகுப்புக்குள் போனாலும் இது புதிதாகக் கேட்கும் சலுகை அல்ல. இ.எஸ்.ஐ.யில் மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்குச் சேர்ந்த நாளிலிருந்தே மருத்துவம் உண்டு. அதற்காக அவள் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள். பிடித்த காசுக்கான அட்டை எத்தனை பெண்கள் கையில் இருக்கிறது என்று விடுதி வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். ரோஜாக் கூடாரத்துப் பெண்ணுக்கு இந்த அளவுகூட இல்லை. அவள் ஆலைத் தொழிலாளி அல்ல. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டமோ தேயிலை, காப்பி, ரப்பர், ஏலக்காய் என்று பெயர் சொல்லிப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் ரோஜா இல்லை.

எழுத்தில் இருப்பது தானாக இறங்கி வராது என்பதைக் கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் காட்டினார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே துணி விற்றவர்கள் அவர்கள். கடையில் கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமல் இருந்தவர்கள். விஜி என்ற தையல் தொழிலாளியோடு சேர்ந்து ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பானார்கள். மூத்திரப்புரை வேண்டும் என்று அதே சொல்லைச் சொல்லித்தான் போராடினார்கள். உட்காரும் உரிமையும் கேட்டார்கள். 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தியது. 2021இல் தமிழ்நாடும் கடைப் பணியாளர்களுக்கு இருக்கை கட்டாயம் என்று திருத்தியது. தெருவில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னவர்கள் இலக்கணம் படித்தவர்கள் அல்லர்.

‘நம்ம பெண்களுக்கே இல்லை, வந்தவங்களுக்கு என்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. இதே கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து எத்தனை பெண்கள் பெங்களூருவுக்குச் சித்தாள் வேலைக்குப் போகிறார்கள்? அங்கே கலவைச் சட்டி தலையில், பிள்ளை தூளியில், பாதி கட்டிய கட்டடத்தின் பின்புறம் மறைவிடம். அங்கே நம் பெண்ணின் பேச்சு டாக்டருக்குப் புரியாது. எல்லையைத் தாண்டி நாற்பது கிலோமீட்டர் போனால் நம் அத்தையும் சித்தியும் ‘வந்தவங்க’தான். கெலமங்கலத்தில் ஒடியாக்காரிக்குக் கேட்பதும் பெங்களூருவில் நம் சித்திக்குக் கேட்பதும் ஒரே கோரிக்கை.

என் தோழிகளான கவிஞர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். குட்டி ரேவதியின் ‘முலைகள்’ 2002இல் வந்தபோது எழுந்த கூச்சல் நமக்கு நினைவிருக்கிறது. உடலை எழுதியதற்காக ஒரு தலைமுறைப் பெண்கள் வசை வாங்கினார்கள். அவர்கள் திறந்த கதவு வழியாகத்தான் நானும் உள்ளே வந்தேன். மாதவிடாயை எழுதினேன், காமத்தை எழுதினேன், பிரசவத்தை எழுதினேன். பிரசவத்துக்குப் பிறகு கசிந்த உடம்பை எழுதவில்லை. ரத்தத்தில் ஒரு கம்பீரம் இருந்தது, சிறுநீரில் இருக்கவில்லை. மாதவிடாயைப் பேசிப் பேசித்தான் பள்ளிகளுக்கு நாப்கின் வந்தது, 2018இல் அதன்மேல் இருந்த வரி போனது. கசிவைப் பற்றிப் பேசாததால் நம் அம்மாக்கள் இன்றைக்கும் ரத்தத்துக்குச் செய்த நாப்கினைச் சிறுநீருக்கு வைத்துத் தொடை புண்ணாகி நடக்கிறார்கள்.

என்ன வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். பிரசவத்துக்குப் பிறகு பார்க்க வரும் ஒவ்வொரு செவிலியரும், ‘இருமினால், சிரித்தால், தூக்கினால் சிறுநீர் கசிகிறதா?’ என்று அவராகவே கேட்க வேண்டும். அந்தக் கேள்வி தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் இந்தியிலும் ஒடியாவிலும் சுவரில் எழுதியிருக்க வேண்டும். தொழிலாளர் விடுதிகள் இருக்கும் வட்டாரங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும். புலம்பெயர்ந்து வந்த பெண்களிலேயே பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு அது ஒரு வேலையாகவும் இருக்கும். பரிசோதனை அறைக்குக் கதவு இருக்க வேண்டும், அந்தக் கதவு சாத்தப்பட வேண்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையோடு இயன்முறை சிகிச்சையையும் வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டம் அது. அந்த இயன்முறை சிகிச்சையில் இந்தப் பயிற்சியையும் சேர்க்க வேண்டும், அந்த வீடு என்ற சொல்லில் லைன் வீட்டையும் சேர்க்க வேண்டும். டோக்கன் ஒழிய வேண்டும். ரோஜாக் கூடாரத்துக்குப் பக்கத்தில் தண்ணீரோடு ஒரு கக்கூஸ் வேண்டும்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் உங்களில் ஒருத்திக்கு இப்போதே இது தேவைப்படலாம். மலவாயில் காற்றையும் முன்னால் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவதுபோல உள்ளே மேல்நோக்கி இழுங்கள். வயிற்றையும் தொடையையும் இறுக்க வேண்டாம், மூச்சைப் பிடிக்க வேண்டாம். ஐந்து எண்ணும்வரை வைத்திருந்து முழுதாகத் தளர விடுங்கள். எட்டிலிருந்து பத்து முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. சிறுநீர் கழித்துக்கொண்டிருக்கும்போது இதைச் செய்யக் கூடாது. மூன்று மாதம் விடாமல் செய்தால்தான் தெரியும். தண்ணீரைக் குறைக்காதீர்கள். எரிச்சலோடு காய்ச்சல், சிறுநீரில் ரத்தம், கீழே ஏதோ இறங்கி வருவது போன்ற உணர்வு, பிரசவத்துக்கோ அறுவை சிகிச்சைக்கோ பிறகு இரவு பகலாக நிற்காமல் ஒழுகுவது, இவற்றில் எது இருந்தாலும் பயிற்சியை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள். போய், கசிகிறது என்றே சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்று வாரம் கழித்து நான் அந்த லைன் வீட்டுக்குப் போனேன். இந்தமுறை நான் சொல்கிறேன், வா என்று கூப்பிடப் போனேன். நான்காவது அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. மேஸ்திரி வேறு எங்கோ வேலைக்கு மொத்தமாகக் கூட்டிப்போய்விட்டானாம். ஓசூரைத் தாண்டி என்றார்கள், கோலார்ப் பக்கம் என்றார்கள். அவள் போன் அணைந்திருந்தது. இந்தப் பயிற்சியை என் உடைந்த இந்தியில் குரல் பதிவாக்கி அந்த எண்ணுக்கு அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு அது இன்னும் அப்படியே நிற்கிறது. பக்கத்து அறைப் பெண்ணிடம் கேட்கக் கொடுத்தேன். அவள் முழுவதும் கேட்டாள், திரும்பவும் ஒருமுறை கேட்டாள். பிறகு, “எனக்கும் அனுப்புங்கள் தீதி, விடுதியில் இருக்கிற பெண்களுக்கு அனுப்புகிறேன்” என்றாள். அவளிடமிருந்து யார் யாருக்குப் போனது என்று தெரியாது.

இந்த ஆண்டும் முதலாமாண்டு வகுப்பில் தகுதி வழக்கு வந்தது. ‘கால் கழுவி வந்தான்’ என்று கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். இந்தமுறை அதோடு விடவில்லை. ஆஸ்பத்திரி வரிசையில் நான் சொன்னதையும் எழுதிப்போட்டு, நடந்ததைச் சொன்னேன். எனக்கு இருந்த தொல்லையையும் சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. மணி அடித்த பிறகு பின்பெஞ்சுப் பெண் ஒருத்தி மற்றவர்கள் போகட்டும் என்று நின்றிருந்தாள்.

“மேடம், எங்க அம்மா பெங்களூர்ல சித்தாள் வேலை பார்க்குது. அதுக்கு அந்த மாதிரி இருக்கு. இவ்ளோ நாளா வயித்துவலின்னுதான் சொல்லும்.”

நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னேன்.